சுங்கை லாலாங் வீட்டின் கதவை நான் தட்டவில்லை

பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் இன்னும் வெளியேறவில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. பிறந்தநாள் வாழ்த்தும் கேக் படமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன்னால் கவிதா அதில் ஒரு கேள்வி போட்டாள். "புஷ்பாக்கா, சேமநிதி காச எடுத்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம்னு பார்க்கிறேன். ஃபர்ஸ்ட் டைம். என்னென்ன பார்க்கணும்? நீங்கதான் எக்ஸ்பர்ட் லா." கீழே நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். துணி காயப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அழித்தேன். எக்ஸ்பர்ட்டாம். அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். என் அடுக்குமாடி வீட்டில் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் பதினோரு எட்டு. அவள் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கைப்பட்டாணியில் ஒரே வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தேழு வருடம், வீடும் நிலமும் கைமாறுகிற பத்திர வேலை பார்த்தேன். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள் நான். பள்ளியில் ஐந்தாம் பாரம்வரை முடித்து, ஒரு கடைவீட்டு மாடியில் தட்டச்சு படித்து, இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் கோப்பி கலக்கினேன், தபால் ஒட்டினேன், நில அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் வழக்கறிஞரை நாங்கள் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். குரலை உயர்த்தவே மாட்டார். எந்தப் பத்திரத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். ஒரு மரக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்திக்கொண்டு போவார். முன்னாலிருந்து படித்தால் நாம் எழுதியது நமக்கே பழகிப்போய்த் தப்பு கண்ணில் படாதாம். தப்பு இருந்தால் கோலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். அந்த இரண்டு தட்டுக்கு நான் பயந்த மாதிரி தோட்டத்துத் துரைக்குக்கூட என் அப்பா பயந்திருக்க மாட்டார்.

ஒரு வீட்டை யாராவது வாங்க வந்தால் முதல் வேலை தேடல். காலையில் நில அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நிற்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தை நிரப்பி, கட்டணம் கட்டி, எண் கூப்பிடும்வரை காத்திருந்தால், அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது, பேங்கில் அடமானம் உண்டா, விற்கத் தடை ஏதும் இருக்கிறதா என்று ஒரு தாள் வரும். அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்து மேசையில் வைப்பேன். பாஸ் அதைக் கீழேயிருந்து மேலே படித்து முடித்துவிட்டு, "சரி, பேப்பர் சரியா இருக்கு. கதவு என்ன சொல்லிச்சு?" என்று கேட்பார்.

கதவு என்றால் கதவுதான். வாங்கப்போகிற வீட்டுக்கு என் சின்ன மோட்டார் சைக்கிளில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டுவதற்கு முன்னால் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று எண்ண வேண்டும். கதவைத் திறக்கிறவரிடம் மூன்று கேள்வி. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்? யாருக்கு வாடகை கொடுக்கிறீர்கள்? இந்த வீட்டை விற்கப்போவது உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது கேள்விக்கு வாயால் வருகிற பதிலைவிட முகத்தில் வருகிற பதிலைத்தான் பார்க்கச் சொல்வார்.

ஒருமுறை அலோர் ஸ்டார் மெர்கோங்கில் ஒரு வீடு. வாங்குகிறவர் பள்ளிக்கூட ஆசிரியர். சேமநிதியில் எடுத்த பணத்தை முன்பணமாகக் கட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார். தாள் சுத்தமாக இருந்தது. வாசலில் ஏழு ஜோடி செருப்பு. கதவைத் திறந்த மலாய்ப் பெரியவர் என்னைக் காற்றாடிக்குக் கீழே உட்கார வைத்து, ஆறு வருடத்து வாடகை ரசீதுகளைக் கொண்டுவந்து காட்டினார். ரசீதில் இருந்த பெயர் வேறு, விற்கிறவர் பெயர் வேறு. ரசீதில் இருந்தவர் விற்கிறவரின் அண்ணனாம். அண்ணன் தம்பிக்குள் சொத்து வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்து சொன்னதும் பாஸ் ஆசிரியரின் காசோலையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "டீச்சர், வேற வீடு பாருங்க" என்றார். அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

இப்போது யாரும் கதவு தட்டுவதில்லை. தேடலைக் கணினியிலேயே செய்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவரே போனில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். பேங்க் கடன் என்றால் மதிப்பீட்டாளர் ஒருவராவது போய்ப் பார்ப்பார். ரொக்கமாக வாங்கினால் அதுவும் இல்லை. பாஸ் ஓய்வு பெற்று, அவர் மருமகன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கோலும் போயிற்று, கதவும் போயிற்று. காலம் மாறினால் என்ன, நான் மாறவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அறுபது வயதில் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி தங்கைகளைக் கரையேற்றினேன். அவர்கள் கரையேறிப் போய்விட்டார்கள். அரசாங்க வேலை இல்லை, பென்ஷன் கிடையாது. இருந்ததெல்லாம் மூன்றாவது மாடியில் இந்தச் சின்ன வீடும், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமநிதியும். அந்தப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போனது. காலையில் எழுந்ததும் போனைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பேன். தங்கம் வாங்கு என்றார்கள், பேங்கில் போடு என்றார்கள். ஒருத்தி தண்ணீர் வடிகட்டி விற்கும் கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டே போய்விட்டாள். கரைந்து போகாத ஒன்று வேண்டும், மாதாமாதம் ஏதாவது கொடுக்கிற ஒன்று வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அடுத்தவர்களுக்கு ஆயிரம் வீடு வாங்கிக் கொடுத்தவளுக்கு வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கத் தெரியாதா?

அப்போதுதான் கோபால் அண்ணன் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்து ஆள், லாரி ஓட்டியவர். தோட்டத்தில் என் அப்பா மயங்கி விழுந்த அன்று, கணக்கெழுதும் கிராணியிடம் அனுமதிகூடக் கேட்காமல் தோட்டத்து லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதற்காக அவரை ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

சுங்கைப்பட்டாணியில் ஒரு வாழையிலைக் கடையில் சந்தித்தோம். "தங்கச்சி, நான் ஜொகூர்ல மவன்கூட போய் இருக்கப் போறேன். சுங்கை லாலாங் வீட்ட வெளி ஆளுக்கு விக்க மனசு வரல. நீ எடுத்துக்கோ லா" என்றார். விலையைச் சொன்னார். அதே வரிசையில் பக்கத்து வீடு விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"அஞ்சலை அக்கா அங்கதானே இருக்காங்க, அண்ணே?"

"அவளா? என்கூடத்தான் வருவா. எல்லாம் பேசியாச்சு. தனியா விட்டுட்டா போவேன்?"

அஞ்சலை அக்கா அவருடைய அக்கா. கல்யாணம் ஆகாதவர், என்னைப் போலவே. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டம் மூடிய பிறகு கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவர். நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்கப்புறம் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

தாளையெல்லாம் நான் ஒழுங்காகப் பார்த்தேன். வீடு அவர் பெயரில் இருந்தது, பேங்க் கடன் முடிந்திருந்தது, தடை எதுவும் இல்லை. பழைய அலுவலகத்தில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை நானே தட்டினேன். கவிதாதான் கேட்டாள்: "அக்கா, நான் லன்ச் டைம்ல போய்க் கதவத் தட்டிட்டு வந்துரட்டா?"

"வேணாம். நம்ம ஆளு. போய்த் தட்டினா அசிங்கம்."

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இது புரியும். லயத்து வரிசைவீடுகளில் வளர்ந்தவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆண்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவன் முதுகுக்குப் பின்னால் போய் அக்காளிடமோ அம்மாளிடமோ அது நிஜமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவனைக் கள்ளன் என்று சொன்ன மாதிரி. அதுவும் என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆளை எப்படிக் கேட்பது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் மோட்டாரில் அந்தத் தெருவில் போனேன். கேட்டுக்குப் பச்சைச் சாயம் அடித்திருந்தது. நிற்காமல் வந்துவிட்டேன்.

பணம் கட்டி, பட்டா என் பெயருக்கு மாறியது. கோபால் அண்ணன் சாவியை ஒரு கவரில் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். "ரெண்டு மூணு நாள் கழிச்சி போ தங்கச்சி, சாமான ஏத்திருவோம்" என்றார். நான் மூன்று நாளில்லை, பத்து நாள் காத்திருந்தேன். நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்து, புதுச் சட்டி, பால், சர்க்கரை, கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு பால் காய்ச்சப் போனேன். வாழ்க்கையில் முதன்முதலாக வாடகைக்கு விடப்போகிற வீடு. போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

கேட் திறந்திருந்தது. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு.

"யாரு? அட, புஷ்பாவா! வா வா வா. வழி தெரிஞ்சிச்சா இப்பவாவது?" அஞ்சலை அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சட்டியைப் பார்த்தார். "என்னாடி இது, புதுச் சட்டி? பாலா? எனக்காகவா கொண்டாந்த?"

கற்பூரத்தைப் பைக்குள் அடியில் தள்ளினேன்.

"நல்லாயிருப்ப. இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு நாங்க ஒழுங்கா பாலே காய்ச்சல, தெரியுமா? கோபாலு வேலைக்குப் போயிட்டான், நானும் ரெண்டாவது ஷிப்டு. குடு இங்க." சட்டியை என் கையிலிருந்து வாங்கினார். கழுவி, பாலை ஊற்றி, அடுப்பைப் பற்ற வைத்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி மேடையில் வழிந்தது. "பொங்கிருச்சு பாரு!" என்று குழந்தை மாதிரி கை தட்டினார். முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார்.

"கோபால் அண்ணன் எங்கக்கா?"

"மவன் வீட்டுக்குப் போயிருக்கான். ரெண்டு மாசத்துல வந்துருவேன்னான்." பிறகு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த மேடை நான் ஓவர்டைம் செஞ்ச காசுல கட்டினது. வீடே என் சேமநிதி காசுலதானே டெபாசிட் கட்டினோம். எனக்கு லோன் குடுக்க மாட்டேன்னுட்டான், வயசாயிருச்சாம். அதான் தம்பி பேர்ல போட்டோம். பேரு யாருதா இருந்தா என்னா?"

பாலைக் குடித்தேன். நல்ல இனிப்பு. நான் வாங்கிய சர்க்கரை. அந்தச் சாவி பைக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்துதான் அழுதேன், அதுவும் அவருக்காக இல்லை. என் பணம் போச்சே என்றுதான் அழுதேன். பொய் சொல்ல விரும்பவில்லை.

கோபால் அண்ணனைக் கூப்பிட்டேன். "நான் சொல்றேன் தங்கச்சி, பக்குவமா சொல்றேன்" என்றார் முதலில். பிறகு, "அவகிட்ட நீயே சொல்லிடேன், உனக்குப் பேசத் தெரியும்" என்றார். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

வேறு வழி தெரியாமல் பாஸைப் பார்க்கப் போனேன். எண்பது தாண்டிவிட்டது அவருக்கு. மகள் வீட்டில் முன் அறையில் உட்கார்ந்திருந்தார். என் பத்திரத்தை வாங்கி, கோல் இல்லாததால் ஒரு பேனாவை வரிக்குக் கீழே வைத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு வரியையும் தாண்டவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"பத்திரம் நல்லா இருக்கு. நீ தட்டினதுதானே" என்றார். "பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சு?"

சொன்னேன்.

"மூணுல ஒரு பங்கு கம்மி. ஏன் கம்மின்னு நீ கேக்கல."

"நம்ம தோட்டத்து ஆளு பாஸ். போய்க் கதவத் தட்டினா மரியாதையா இருக்காதுன்னு..."

"விலை ஏறி இருந்தா தட்டியிருப்பே, இல்ல?"

உள்ளே ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் இந்த விலை என்று எனக்கு அந்த வாழையிலைக் கடையிலேயே தெரியும். முப்பத்தேழு வருடம் இதே வேலை பார்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கதவைத் தட்டினால் அக்கா ஏதாவது சொல்லிவிடுவார், இந்த விலை கை நழுவிப் போய்விடும் என்று பயந்துதான் தட்டவில்லை. மரியாதை என்பதெல்லாம் மேலே போர்த்திய துணி.

"கேஸ் போட்டா நீதான் ஜெயிப்பே" என்றார் பாஸ். "முப்பது நாள் நோட்டீஸ் குடு. போஸ்ட்ல அனுப்பாதே. நீயே கொண்டு போய்க் கையில குடு."

இப்படி எத்தனையோ நோட்டீஸ் தட்டியிருக்கிறேன். பெயரும் விலாசமும் மாற்றினால் போதும். ஆனால் அனுப்புகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைத் தட்டும்போது மட்டும் மூன்று முறை எழுத்துப் பிழை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுபோனேன். அக்கா கவரைப் பிரித்துத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் மலாய்ல இருக்கு. நீதான் லோயர் ஆபிஸ்ல இருந்தவளாச்சே, என்னா போட்டிருக்குன்னு படிச்சு சொல்லு."

படித்தேன். ஒவ்வொரு வரியாக மலாயில் படித்து, தமிழில் சொன்னேன். இந்த வீடு இன்னாருக்குச் சொந்தம். நீங்கள் அனுமதியில்லாமல் இருக்கிறீர்கள். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம். எதையும் விடவில்லை.

"இன்னாருன்னா யாரு?"

"நான்தான்கா."

அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். ரப்பர் வளையம் போட்ட தாள்கள். அதிலிருந்து இரண்டை எடுத்து என் மடியில் வைத்தார். "அந்தப் பய எனக்கு ஒண்ணும் தரல. இதுதான் இருக்கு. இத வச்சி ஏதாச்சும் செய்ய முடியுமா பாரு. உன்ன நம்பித்தான் கேக்குறேன்."

ஒன்று, சேமநிதியிலிருந்து மொத்தப் பணத்தையும் எடுத்ததற்கான தாள். இன்னொன்று, அதே வாரத்தில் அந்தப் பணம் முழுவதையும் கோபால் அண்ணன் கணக்கில் கட்டிய பேங்க் சிலிப். சிலிப்பைத் திருப்பினேன். பின்னால் பேனாவால் எழுதியிருந்தது: 'வீட்டு டெபாசிட், அக்கா காசு.' கீழே கோபால் அண்ணனின் கையெழுத்து. ஒப்பந்தத்தில் நான் அதை நாலு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டு தாளும் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு வழக்கறிஞர் கையில் கிடைத்தால் அன்றே நில அலுவலகத்தில் தடை போடலாம். இந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டு, என்னைக் கேட்காமல் யாரும் கைமாற்றக் கூடாது என்கிற தடை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே வாங்கியவள் நான் என்று அடுத்த கேள்வி வரும். என் முப்பத்தேழு வருடச் சேமிப்பும் வழக்கில் மாட்டிக்கொண்டு, அது முடிவதற்குள் எனக்கே எழுபது வயதாகிவிடும். ஒருவேளை தோற்றும் போவேன். இதெல்லாம் கண் மூடித் திறக்கும் நேரத்தில் என் தலைக்குள் ஓடிவிட்டது. பழகிய தலை.

"இது ரொம்பப் பழசுக்கா" என்றேன். "இத வச்சி ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்படியா" என்றார். தாள்களை மடித்து டப்பாவில் போட்டார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற முகம்.

டப்பாவை மூடிவிட்டு அவரே கேட்டார்: "நான் வாடகை குடுத்துட்டு இங்கயே இருந்துக்கட்டா? இந்த வயசுல எங்க போறது?"

பக்கத்து வீட்டு வாடகையில் பாதி போதும் என்றேன். என்னவோ பெரிய மனசு பண்ணின மாதிரி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது.

அதிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு ஒன்றாந்தேதியும் அஞ்சலை அக்கா பஸ் பிடித்து வந்து, மூன்று மாடி ஏறி, என் மேசையில் வாடகையை வைத்தார். வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிச் சம்பாதித்த காசு. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் கேட்க மாட்டார். "நீ வீட்டுக்காரி, நீ வந்தா நல்லா இருக்காது" என்பார். ரசீது கட்டாயம் வேண்டும். தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் பெரிதாக எழுதச் சொல்லி, அது தன் பெயர்தானா என்று விரல் வைத்துக் கேட்டு, மடித்துக் கொண்டுபோவார். அந்தப் பணத்தில்தான் நான் அரிசி வாங்கினேன், மின்சாரம் கட்டினேன். நன்றாகத்தான் வாழ்ந்தேன். ஆனால் முப்பதாந்தேதி வந்துவிட்டால், ஒன்றாந்தேதி காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை இந்தப் பதினோரு எட்டை நடந்துகொண்டே இருப்பேன். வாடகை வராமல் போய்விடுமோ என்கிற பயமா, வந்துவிடுமோ என்கிற பயமா, எனக்கே தெரியாது.

இந்த மாதம் ஒன்றாந்தேதி அக்கா வர மதியமாகிவிட்டது. படியில் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கதவைத் திறந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் வீங்கியிருந்தது. கடையில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வரச் சொல்லிவிட்டார்களாம். உட்கார்ந்து மூச்சு வாங்கி, கைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாதிதான் இருக்கு, புஷ்பா. மீதிய பத்தாந்தேதிக்குள்ள குடுத்துருவேன். கோவிச்சுக்காத."

"பரவால்லக்கா."

"இல்ல லா, அது எப்படி? உன் காச வச்சிக்கிட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. உன் காசு என்கிறாரே. ரசீதுப் புத்தகத்தைத் திறந்து பேனாவையும் எடுத்திருந்தேன். அதை மூடி வைத்தேன்.

"அக்கா, அந்த டப்பாவுல ரெண்டு தாளு இருந்துச்சே" என்றேன். "சேமநிதித் தாளும் பேங்க் சிலிப்பும். பத்திரமா இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அத வச்சி கேஸ் போடலாம்கா. தம்பி மேலயும் போடலாம், என் மேலயும் போடலாம். வீட்டுல உங்களுக்கும் பங்கு இருக்குன்னு அந்தச் சிலிப்பு சொல்லுது."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ மோட்டார் உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது பற்றவே இல்லை.

"அன்னிக்கு நான் காட்டினப்பவே இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

"தெரிஞ்சிதான் பழசுன்னு சொன்னியா?"

"ஆமாக்கா."

அக்கா மேசையில் இருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒழுங்காக மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து நின்றார். நான் எழுந்து தாங்கப் போனேன். வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"லோயர் ஆபிஸ் எத்தன மணிக்குத் தொறப்பான்?"

"ஒம்பது மணிக்குக்கா. எங்க பழைய ஆபிஸ் சரிப்படாது, வேற ஆபிஸ் போகணும். விலாசம் எழுதித் தரேன்."

"விலாசம் எழுதிக் குடுத்தா யாரு படிக்கிறது?" என்றார். "நீயும் வா. அங்க அவங்க குடுக்குற பேப்பர நீதான் எனக்குப் படிச்சு சொல்லணும்."